முதன்மை இழந்து முதுமை பெற்ற இராயபுரம் நிலையம்

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து வடக்கு நோக்கிப் புறப்படும் மின்சார வண்டி, சில நிமிடங்களிலேயே முதலாவதாக நிற்கும் இடம் இராயபுரம். அதற்கடுத்தது வண்ணாரப்பேட்டை. அதற்கும் அப்பால்தான் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் செல்லும் பாதையும் கும்மிடிப்பூண்டி செல்லும் பாதையும் பிரிகின்றன. சென்ட்ரல் நிலையத்தில் புறப்படும் புறநகர் வண்டிகள் இராயபுரத்தைத் தொடுவதில்லை. கடற்கரையிலிருந்து வருவனவும் கடற்கரைக்குச் செல்வனவுமே இங்கு நிற்கின்றன. வேலைக்குச் செல்வோர், கூடை சுமப்போர், மாணவர், சிறு வணிகர் ஆகியோர் ஏறி இறங்கும் எளிய நிலையமாகவே அது இன்று விளங்குகிறது.

ஆயினும் தென்னிந்தியாவின் முதற் பயணி வண்டி புறப்பட்டது இந்த இடத்திலிருந்துதான். இந்தியத் துணைக்கண்டத்தில் இன்றளவும் நின்று, இன்றளவும் நிலையமாகவே வழங்கிவரும் கட்டடங்களுள் மிகப் பழமையானது என்ற பெருமையும் இதற்கே உரியது. நகரின் தலைவாயிலாக அரை நூற்றாண்டு திகழ்ந்த ஒன்று, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஒதுக்குப்புறமாய் வாழ்ந்திருக்கிறது. தொடக்க விழாவின் ஆரவாரத்தைக் கூறுவதோடு இராயபுரத்தின் வரலாற்றை முடித்துவிடுவது வழக்கம். விழா முடிந்தபின் நடந்தவையே எண்ணிப் பார்க்கத் தக்கவை.

இராயப்பரின் ஊர்

கிறித்தவரின் திருத்தூதரான பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயர் இராயப்பர். அப்பெயரினின்றே இராயபுரம் என்னும் ஊர்ப்பெயர் பிறந்தது என்பர். படகோட்டிகளும் மீனவரும் நிறைந்த அக்கடலோரத்தில் அவர்கள் எழுப்பிய புனித இராயப்பர் ஆலயம் இன்றும் உள்ளது. மீன் பிடிக்கும் தொழிலில் வாழ்ந்தவரைத் தம் காவலராகக் கடலோர மக்கள் ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

அக்காலச் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழ்கடலிலேயே நங்கூரமிட்டு நிற்கும். அலை மோதும் கடலைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகளும் கட்டுமரங்களும்தாம். ஆணி அடியாமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு மசூலாப் படகு. அலை அறைந்தாலும் பிளவாமல் நெகிழ்ந்து கொடுக்கும் தன்மை அதற்கு உண்டு. கவர்னராயினும் கம்பெனி எழுத்தராயினும் அப்படகோட்டிகளின் கைத்திறனை நம்பியே சென்னை மண்ணில் கால் வைத்தனர். இரும்புப் பாதை போடப்படுவதற்கு முன்பே இராயபுரத்தார் போக்குவரத்துத் தொழிலில் தேர்ந்தவர்களாக இருந்தனர் என்பதை வரலாறு எழுதுவோர் மறத்தலாகாது.

கம்பெனியும் பாதையும்

சென்னைக்கு இரும்புப் பாதை புதிதன்று. செங்குன்றத்திலிருந்து சாலை போடும் கல்லைக் கொண்டுவருவதற்காக 1837ஆம் ஆண்டிலேயே ஒரு சிறு பாதை அமைக்கப்பட்டது. இந்தியாவின் முதல் இருப்புப் பாதை என அதனைக் கூறுவர். ஆயினும் அது கல்லுக்காகப் போடப்பட்ட பாதை. மக்களின் பயணத்துக்கென அமைந்ததன்று.

மக்கள் செல்லும் பாதைக்கான முயற்சி 1845ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கியது. மதராஸ் ரயில்வே கம்பெனி என்ற பெயரில் எழுந்த முதல் முயற்சி நிலைக்கவில்லை. போட்ட முதலுக்கு ஏறத்தாழ ஐந்து விழுக்காடு வட்டி கிடைக்கும் என அரசு உறுதி கூறிய பின்னரே இங்கிலாந்தில் பணம் திரண்டது. வண்டியில் வருமானம் குறைந்தால் அவ்வட்டியை ஈடுகட்டியது இந்திய வரிப்பணம். ஆதலால் இப்பாதை கம்பெனியாரின் கொடை என்று கூறுவது பொருந்தாது. பாதையைக் கண்ணால் காணாத உழவனும் அதற்கு விலை கொடுத்தான்.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயின் போரி பந்தரிலிருந்து தாணாவுக்கு முதற் பயணி வண்டி ஓடியது. 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹூக்ளிக்கு வண்டி விடப்பட்டது. சென்னையில் 1853இல் பணி தொடங்கி மூன்று ஆண்டுகள் நடந்தது. கோட்டைக்கும், வணிகர் நிறைந்த கறுப்பர் நகரத்துக்கும், சரக்கு இறங்கும் கடற்கரைக்கும் அண்மையில் இருந்தமையால் இராயபுரம் தொடக்க நிலையமாயிற்று. நகருக்கு வெளியே வெற்றிடமும் அங்கு வேண்டிய அளவு இருந்தது.

1856

அவ்வாண்டு ஜூன் 28ஆம் நாள் கவர்னர் ஹாரிஸ் பிரபு நிலையத்தைத் திறந்துவைத்தார். அழைப்புப் பெற்ற ஏறத்தாழ முந்நூறு ஐரோப்பியர் ஏறிய வண்டி ஆர்க்காட்டை அடுத்த வாலாஜா வரை சென்றது. அன்றே மற்றொரு வண்டி திருவள்ளூர் வரை சென்று திரும்பியது. ஜூலை 1ஆம் நாள் முதல் பொதுமக்களுக்கான வண்டி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு; மாட்டுவண்டியில் சென்றால் நான்கைந்து நாள் வழி. அது ஒரு பகற்பொழுதுக்குள் அடங்கிற்று.

நிலையக் கட்டடத்தை வரைந்தவர் வில்லியம் அடெல்பி டிரேசி. கிரேக்க மரபைத் தழுவிய உயர்ந்த தூண்களும், அகன்ற முகப்பும், விசாலமான அறைகளும் கொண்டு அது எழுந்தது. இலண்டனிலிருந்து வெளிவந்த ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழ் அவ்வாண்டே இந்நிலையத்தின் படத்தை வெளியிட்டது. பயணிகள் வந்து போகும் கொட்டகையாக அன்றிக் கம்பெனியின் பெருமையைப் பறைசாற்றும் மாளிகையாகவே அது கட்டப்பட்டது.

வண்டி ஓடத் தொடங்கிய அந்நாளில் இராமலிங்க அடிகளார் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியில் வாழ்ந்துவந்தார். இராயபுரத்துக்கு அது நடந்து செல்லும் தொலைவே. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவர் சென்னையை விட்டு நீங்கினார். ஒரே நகரின் ஒரு பக்கத்தில் புகையும் ஓசையுமாய்ப் புதிய காலம் புறப்பட, மற்றொரு பக்கத்தில் அருட்பாக்கள் பிறந்துகொண்டிருந்தன. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை முழுமையாகப் புலப்படாது.

விரிந்த பாதை

இராயபுரத்தில் தொடங்கிய பாதை விரைந்து நீண்டது. 1860இல் ஜோலார்பேட்டையை எட்டியது. 1862இல் மேற்குக் கடற்கரையின் பேப்பூரை அடைந்து, இரு கடல்களையும் இணைத்தது. 1864இல் பெங்களூருக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. வடமேற்காகச் சென்ற பாதை 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு கைகோத்தது. சேலத்து வணிகனும், கோழிக்கோட்டு மிளகும், பெங்களூர்ப் பட்டாளமும் சென்னைக்கு வந்தது இப்பாதை வழியேதான்.

வண்டி தொடங்கிய 1856ஆம் ஆண்டிலேயே பெரம்பூரில் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையும் தோன்றியது. அதனைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் பெருகின. உலையடி வேலையும் கடைசல் வேலையும் கற்ற ஒரு புதிய தொழிலாளர் கூட்டம் அங்கு உருவாயிற்று. வடசென்னை தொழிலாளர் நகரமாக வளர்ந்ததற்கான முதல் வித்துகளுள் ஒன்று இராயபுரத்துத் தண்டவாளத்தோடு விழுந்தது எனில் மிகையாகாது.

1876ஆம் ஆண்டு முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது இப்பாதையின் இருமுகமும் வெளிப்பட்டன. கடல்வழியே வந்து சென்னையில் இறங்கிய தானியம் இருப்புப் பாதை வழியே உள்நாட்டுக்குச் சென்றது உண்மை. ஆனால் தானியம் சென்ற இடமெல்லாம் அதை வாங்கும் காசும் மக்களிடம் செல்லவில்லை. விலை ஏறிய இடத்தை நாடி வணிகம் ஓடிற்று; பசி நின்ற இடத்திலேயே நின்றது. வண்டி மட்டும் பஞ்சத்தைத் தீர்த்துவிடாது என்ற பாடத்தை இலட்சக்கணக்கான உயிர்களைக் கொடுத்து நாடு கற்றது.

மக்கள் இப்புதுமையைத் தம் மொழியில் ஏற்றுக்கொண்டனர். புகைவண்டி, இருப்புப் பாதை, இரயிலடி எனச் சொற்கள் புதிதாய் எழுந்தன. ஈழத்தில் புகையிரதம் என்ற வழக்கு நிலைத்தது. சென்னைக் குஜிலிக் கடைகளில் காலணா, அரையணாவுக்கு விற்ற சிறு பாட்டுப் புத்தகங்களில் இரயிலைப் பாடும் சிந்துகளும் இடம்பெற்றன. புலவர் அவையில் ஏறாத பொருளைத் தெருப்பாடகர் முதலில் பாடினர் என்பது கவிஞர்கள் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி.

மகுடம் கைமாறியது

இராயபுரத்தில் நெரிசல் மிகவே, 1873ஆம் ஆண்டு பார்க் டவுனில் இரண்டாவது நிலையம் ஒன்று எழுந்தது. ஜார்ஜ் ஹார்டிங் வரைந்த அந்நிலையமே பின்னாளில் சென்ட்ரல் எனப் பெயர் பெற்றது. தொடக்கத்தில் அது துணைநிலையம். மூத்ததும் இளையதும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியைப் பகிர்ந்துகொண்டன. 1907ஆம் ஆண்டு சென்ட்ரல் முதன்மை நிலையமாக்கப்பட்டது. அவ்வாண்டே கடற்கரைப் பாதை தெற்கே நீட்டப்பட்டதால் இராயபுரம் முடிவு நிலையம் என்ற நிலையையும் இழந்தது. வந்து சேரும் இடமாக இருந்தது கடந்து போகும் இடமாயிற்று.

மறு ஆண்டு, 1908இல், மதராஸ் ரயில்வே வேறொரு கம்பெனியோடு இணைந்து மதராஸ் தென் மராட்டா ரயில்வே ஆயிற்று. அதன் தலைமை அலுவலகம் சில ஆண்டுகள் இராயபுரத்திலேயே நீடித்தது. 1922இல் சென்ட்ரலை அடுத்துப் புதிய தலைமையகம் கட்டி முடிக்கப்பட்டதும் அதுவும் அங்கே குடிபெயர்ந்தது. முதலில் பயணிகள் போயினர். பின்னர் அதிகாரிகளும் போயினர்.

கடலோரத்திலும் இதே கதை நிகழ்ந்தது. துறைமுகப் பணி 1875இல் தொடங்கி, 1881ஆம் ஆண்டுப் பெரும்புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. கப்பல்கள் மேடைக்கே வந்து நிற்கத் தொடங்கியதும் மசூலாப் படகுக்கு வேலை இல்லாது போயிற்று. இராயபுரம் தன் படகையும் இழந்தது. தன் நிலையத்தின் மகுடத்தையும் இழந்தது. இரண்டும் ஏறத்தாழ ஒரே தலைமுறைக்குள் நடந்து முடிந்தன.

ஒதுக்கப்பட்டதால் காக்கப்பட்டது

மற்ற இரு மாநகரங்களின் முதல் நிலையங்கள் என்ன ஆயின என்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். பம்பாயின் போரி பந்தர் மேன்மேலும் வளர்ந்தது. அதனால் பழைய நிலையம் போய், 1878 முதல் 1888 வரை கட்டப்பட்ட விக்டோரியா டெர்மினஸ் அங்கு எழுந்தது. ஹௌராவின் தொடக்ககாலக் கொட்டகைகளும் வளர்ச்சிக்கு இடம் கொடுத்து மறைந்தன. இப்போதுள்ள பெருநிலையம் 1905இல் திறக்கப்பட்டது. அவ்விரு நிலையங்களும் முதன்மையைக் காத்துக்கொண்டன. அதற்கு விலையாகத் தம் பழைய உருவத்தைக் கொடுத்தன.

இராயபுரத்துக்கு நேர்ந்தது வேறு. இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்ட வேண்டிய தேவை அங்கு யாருக்கும் எழவில்லை. மகுடம் போனதனால் தலை தப்பியது. முதன்மையை இழந்தது, முதுமையைப் பெற்றது.

ஆனால் புறக்கணிப்பைக் காவலன் என்று புகழ்ந்துவிடவும் இயலாது. இடிப்பவன் கையிலிருந்து காத்த அதே புறக்கணிப்பு, மழைக்கும் உப்புக்காற்றுக்கும் கரையானுக்கும் கட்டடத்தைக் கையளித்தது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அம்மாளிகை சீர்குலைந்து நின்றது. இன்னும் சில காலம் அவ்வாறே விடப்பட்டிருந்தால், போரி பந்தருக்கு வளர்ச்சி செய்ததை இராயபுரத்துக்கு மறதி செய்து முடித்திருக்கும்.

சிறு நிலையத்தின் பெருவாழ்வு

முதன்மை போனபின் இராயபுரம் சும்மா இருந்துவிடவில்லை. அதன் இரண்டாம் வாழ்வு புறநகர்ப் பயணிகளால் அமைந்தது. 1931ஆம் ஆண்டு கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. மீட்டர் பாதையில் மின்சார வண்டி இயங்கியது இந்தியாவில் அதுவே முதன்முறை. அப்பெருமை தெற்குப் புறநகருக்குப் போயிற்று. வடக்குப் பாதைக்கு மின்சார வண்டி வர 1979ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தெற்கே மீட்டர் பாதை. வடக்கே அகலப் பாதை. ஆகையால் கடற்கரை நிலையம் இரண்டும் சந்திக்கும் எல்லையாயிற்று. வண்ணாரப்பேட்டையிலோ இராயபுரத்திலோ ஏறிய தொழிலாளி கிண்டி தொழிற்பேட்டைக்குச் செல்ல வேண்டுமாயின் கடற்கரையில் இறங்கி வேறு வண்டி ஏறியாக வேண்டும். தண்டவாளத்தின் அகலம் நகரையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தது. 1995இல் கடற்கரையிலிருந்து தெற்கே பறக்கும் இரயில் அகலப் பாதையில் ஓடத் தொடங்கியது. 2004இல் தாம்பரம் பாதையில் மீட்டர் பாதை வண்டிகள் விடைபெற்றன. நூற்றாண்டு காலம் பிரிந்திருந்த வடக்கும் தெற்கும் ஒரே அளவுத் தண்டவாளத்தில் அதன்பின்னரே இணைந்தன.

இராயபுரத்தில் நிற்கும் மின்சார வண்டிகளிலும் வடசென்னையின் உழைப்பு அடங்கியுள்ளது. 1955இல் பெரம்பூரில் தொடங்கப்பெற்ற இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை நாடெங்கும் பெட்டிகளைச் செய்து அனுப்புகிறது; புறநகர் மின்வண்டிப் பெட்டிகளும் அங்கு உருவாகின்றன. வண்டியைச் செய்தவனும் அதில் நின்றுகொண்டு பயணம் போகிறவனும் பல வேளைகளில் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள்.

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் இந்நிலையத்துக்கு அண்மையில் உள்ளது. மசூலாப் படகு மறைந்தாலும் கடலோரத் தொழில் மறையவில்லை. விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, பகல் ஏறுமுன் வேறு பேட்டைகளுக்குக் கொண்டுசேர்க்கும் வணிகத்துக்கு விரைவான, மலிவான போக்குவரத்தே உயிர். அத்தகைய உழைப்போருக்கு நிலையத்தின் தூண் எந்த மரபைச் சேர்ந்தது என்பது பொருட்டன்று. வண்டி நேரத்துக்கு வருகிறதா, கூடையை இறக்க இடமிருக்கிறதா என்பவையே பொருட்டு.

புதுப்பிப்பும் புதுக் கேள்வியும்

நூற்றைம்பதாம் ஆண்டு நெருங்கிய வேளையில் பழைய கட்டடத்தின் மீது கவனம் திரும்பியது. 2005ஆம் ஆண்டு கட்டடம் சீரமைக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. தூண்கள் மீண்டும் நிமிர்ந்த தோற்றம் பெற்றன. மரபுச் சின்னங்களில் நாட்டமுடையோர் நெடுநாள் விடுத்த வேண்டுகோளுக்குக் கிடைத்த பயன் அது.

அதனோடு மற்றொரு கோரிக்கையும் வலுத்தது. சென்ட்ரலும் எழும்பூரும் நெரிசலில் திணறுவதால், ஏறத்தாழ 72 ஏக்கர் நிலம் உடைய இராயபுரத்தை மீண்டும் பெருமுனையமாக்க வேண்டும் என வடசென்னை மக்களும் பயணிகள் அமைப்புகளும் குரல் எழுப்பினர். பழம்பெருமையைப் பேசும் கோரிக்கையாக மட்டும் இதனைக் கொள்ளலாகாது. தொழிற்சாலைப் புகையும் கழிவும் வடக்கே, வசதிகள் தெற்கே என்று நகரம் வளர்ந்துவிட்டது. அதனால் எழுந்த மனக்குறையும் இக்கோரிக்கையில் கலந்துள்ளது. முதல் வண்டி புறப்பட்ட ஊருக்கு ஒரு விரைவு வண்டியேனும் வேண்டும் என்று கேட்பது நியாயமே.

ஆயினும் மேலே கண்ட வரலாறு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. முனையமாக வளர்ந்த முதல் நிலையங்கள் யாவும் தம் பழைய கட்டடத்தை இழந்தன. இராயபுரம் வளர்ந்தால் அதற்கும் அதே கதி நேருமோ என அஞ்சுவோர் உண்டு. வளராமலே கிடந்தால் கட்டடம் காட்சிப்பொருளாகி, நிலையம் தேய்ந்துவிடும் என அஞ்சுவோரும் உண்டு. நிலம் போதிய அளவு இருக்கிறது. பழைய மாளிகையைத் தொடாமல் புதிய நடைமேடைகளை அமைப்பது பொறியியலுக்கு அரிய செயலன்று. வேண்டுவது, எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்று முதலில் எழுதிவைக்கும் உறுதி. புறக்கணிப்பு இதுவரை தற்செயலாகக் காத்ததை இனி அறிவுடன் காக்க வேண்டும்.

காப்பதிலும் ஒரு முறை உண்டு. கயிறு கட்டி, ‘தொடாதீர்’ என்று பலகை மாட்டி வைக்கும் பாதுகாப்பு அருங்காட்சியகத்துக்கு ஏற்றது. இராயபுரம் தனிச்சிறப்புடையது அதன் பழமையால் மட்டுமன்று. அப்பழமை இன்னும் பணியில் இருப்பதால். பயணச்சீட்டு வாங்குவோரும், வண்டிக்கு ஓடுவோரும், சுமை இறக்கி இளைப்பாறுவோரும் இல்லாத இராயபுரம் அழகிய வெறும் மண்டபமாகவே எஞ்சும்.

1856ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் வந்தவர்களைப் பற்றி ஏடுகள் விரிவாகப் பேசுகின்றன. கவர்னரின் பெயர் இருக்கிறது. விருந்தினரின் தொகை இருக்கிறது. ஜூலை 1ஆம் நாள் தம் காசில் சீட்டு வாங்கி ஏறியவர் எவர் பெயரும் வரலாற்றில் விளங்கவில்லை. அழைப்பிதழோடு வந்த முந்நூறு பேர் ஒரு நாள் வந்து போயினர். பெயர் தெரியாத அந்த மற்றவர்கள் நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் வந்துகொண்டே இருக்கின்றனர். இராயபுரம் நிலையத்தை நிலையமாக நிறுத்தி வைத்திருப்பவர்கள் அவர்களே.